பிறிஜெற் மச்சாள் எடுத்த மணல் படங்கள்

"அது துபாய் இல்ல. எத்தின தரம் சொல்லுறது?"

எங்கட வீட்டில ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டாலும் இந்தச் சத்தம் கேக்கும். பிறிஜெற் மச்சாள் துபாயைக் கண்ணாலயும் கண்டதில்ல. அவ போனது ஓமானுக்கு. பதினொரு வருஷம் அங்க ஒரு வீட்டில வேலைக்கு நிண்டவ. ஆனா கொழும்புக் கொட்டாஞ்சேனையில ஆருக்கு அந்த வித்தியாசம் வேணும்? அரபு நாட்டுக்குப் போய் வந்த பொம்பிளை எல்லாம் எங்கட ஒழுங்கைக்குத் துபாய் அக்காதான். மீன்காரன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, "துபாய் அக்கே, நல்ல சாளை இருக்கு" எண்டு கத்துவான். சேர்ச்சில சிஸ்ரரும் அதைத்தான் கேப்பா. "துபாயில சரியான வெயில் என்ன பிறிஜெற்?" மச்சாள் விடமாட்டா. "துபாய் இல்ல சிஸ்ரர், ஓமான். மலையும் மணலும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு இருக்கிற இடம்" எண்டு முழுசாச் சொல்லி முடிச்சுத்தான் அந்த இடத்தை விட்டு நகருவா. சிஸ்ரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் துபாய் எண்டுதான் கேப்பா.

நான் ரதி, அவவின்ர தம்பி நிக்கலஸின்ர மனிசி. இதை எழுத வேண்டிய ஆள் இவர். இவர் எழுதமாட்டார். ஏன் எழுதமாட்டார் எண்டது போகப் போகத் தெரியும். அதால நான் எழுதுறன்.

மச்சாளுக்கு இப்ப அம்பத்தஞ்சு வயசு. பிறந்தது வளந்தது எல்லாம் இதே ஒழுங்கைதான். இருபத்தாறு வயசில கட்டினவ. கட்டினவன் இத்தாலிக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டான். ரெண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு இல்ல. செத்தானோ, அங்க இன்னொருத்தியை முடிச்சானோ, ஒருத்தருக்கும் தெரியாது. ஆத்துமப் பூசையும் குடுக்க ஏலாது, வழக்கும் வைக்க ஏலாது. மச்சாள் ஒரு தையல் பக்டரியில பத்து வருஷம் கொலர் தைச்சா. முப்பத்தெட்டு வயசில ஓமானுக்குப் போனா. நாங்கள் இப்ப படுத்து எழும்புற மேல் மாடி அவவின்ர உழைப்பில எழும்பினது. அதை நான் சொல்லாட்டி இந்த வீட்டில வேற ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

அவ வேலை செய்த வீடு மஸ்கட்டில. வீட்டுக்கார மெடத்தின்ர தாய் வீடு பிதியா எண்ட ஊரில. காரில மூண்டு மணித்தியாலம் போகவேணும். குளிர் காலம் துவங்கினா கிழமை முடிய முழுக் குடும்பமும் அங்க போய், மணலுக்குள்ள கூடாரம் அடிச்சுத் தங்கும். அரிசி, சட்டி, கரி, பாய், குழந்தையின்ர பால்மா எல்லாம் மச்சாள்தான் கட்டவேணும், இறக்கவேணும், திரும்ப ஏத்தவேணும். "அவையள் பாலைவனம் பாக்கப் போறவை, நான் பாலைவனத்தில சட்டி கழுவப் போறனான்" எண்டுவா. தண்ணி மிச்சம் பிடிக்க மணலாலதான் சட்டி தேய்ச்சவவாம்.

மெடத்தின்ர மூத்த மகன் புதுக் கமெரா வாங்கினாப் பிறகு, பழசை இவவின்ர கையில குடுத்துத் தங்கச்சிமாரைப் படம் எடுக்கச் சொன்னவன். அதுவும் ஒரு வேலைதான், சட்டி கழுவுற மாதிரி. முதல் வருஷம் முழுக்கப் பிள்ளையளைத்தான் எடுத்தா. பிறகு ஒரு நாள் விடிய அடுப்பு மூட்ட வெளிய வந்தா, மலையின்ர தலையில மட்டும் வெளிச்சம் விழுந்து கிடக்குதாம். கீழ மணல் இன்னும் கறுப்பாம்.

"செருப்பும் போடாமல் ஓடினன் ரதி. வெளிச்சம் மலையில இருந்து இறங்கி இறங்கி மணலுக்கு வாற வரைக்கும் எடுத்தன். திரும்பி வந்து பாக்கிறன், தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. மெடம் பேசின பேச்சு இருக்கே!"

"என்ன பேசினவ?"

"உனக்கு மணல் புதுசோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். அதுக்கும் பேச்சு."

அதுக்குப் பிறகு போற போற நேரமெல்லாம் எடுத்தா. அவையள் தொழுதுபோட்டுத் திரும்பப் படுக்கிற நேரம் பாத்துத்தான். இருபது நிமிஷம் கிடைக்கும். பிள்ளையள் எழும்பினா மணல் முழுக்கக் கால் அடையாளம் விழுந்திடும், பிறகு படம் சரிவராது. தன்ர அடையாளமும் படத்தில விழக்கூடாது எண்டு மேட்டின்ர பின் பக்கத்தால சுத்தி ஏறுவா. மணல் தூள் உள்ளுக்குப் போனா கமெரா செத்திடும் எண்டு, பாண் வந்த பொலித்தீன் பையைப் போத்தி, லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி வைச்சிருந்தவ. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. மணல் மேடுகளுக்குப் பேரும் வைச்சவ. ஒண்டுக்குத் தன்ர அம்மாவின்ர பேர், அதாவது எங்கட மாமியின்ர பேர். மாமி மத்தியானம் படுத்திருக்கிற மாதிரியே இருக்குமாம்.

நூற்றுக்கணக்கில எடுத்ததில பதினொரு படம்தான் நல்லம் எண்டு தானே பிரிச்சு வைச்சு, மிச்சத்தை அழிச்சவ. அதிலயும் ஒண்டு இருக்கு. மணல் ஒரு நீட்டு முதுகு மாதிரிப் போய், மலையின்ர காலடியில முடியுது. முடியுற இடத்தில காஞ்ச ஆறு ஒண்டு வெள்ளைக் கோடு மாதிரி. அந்த ஒரு படத்துக்கு நாலு குளிர் காலம் அலைஞ்சவ. ஒருக்காப் புழுதி, ஒருக்கா மேகம், ஒருக்கா மெடம் வேளைக்கு எழும்பிட்டா. அஞ்சாவது வருஷம்தான் சரியா விழுந்துதாம். "தொடுற இடம்" எண்டுதான் அந்தப் படத்துக்குச் சொல்லுவா.

லீவில வரேக்க படங்களை மெமரி காட்டில போட்டுக் கொண்டுவந்து தம்பியின்ர கையில குடுப்பா. "பத்திரமா வை தம்பி." இவர் ஸ்ரூடியோ வைச்சிருக்கிறவர்தானே. ஸ்ரூடியோக்காரனை விட வேற ஆர் பத்திரமா வைப்பான்?

இனி இவரின்ர தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். கலியாணம், சேர்ச்சில பிள்ளையளின்ர முதல் நன்மை, பொம்பிளைப் பிள்ளை பெரிசானா வைக்கிற சாமத்திய வீடு எல்லாம் இவர் எடுப்பார். சாமத்திய அல்பம் எண்டா உங்களுக்குத் தெரியும். பிள்ளையை வெள்ளவத்தையில ஒரு ஹோலில நிக்கவைச்சு எடுத்துப்போட்டு, அவளை மட்டும் வெட்டி எடுத்து, சுவிஸ் மலையிலயும் பூந்தோட்டத்திலயும் ஒட்டுறது. எல்லா ஸ்ரூடியோவிலயும் அதே பூந்தோட்டம், அதே மலைதான். சனத்துக்கு அலுத்துப் போச்சு. அப்பதான் இவருக்கு அக்காவின்ர மணல் ஞாபகம் வந்தது.

முதல் முதல் ஒட்டினது ஆரை? எங்கட மகளை. நான் மறைக்கமாட்டன், அந்த அல்பத்தைப் பாத்து நான்தான் கூடுதலாச் சந்தோசப்பட்டனான். "வெளிநாட்டில போய் எடுத்த மாதிரியே இருக்கு" எண்டு ஒழுங்கை முழுக்கக் காட்டினனான். மச்சாள் அந்த முறை லீவில வந்து பாத்தா. பக்கம் பக்கமாப் பிரட்டினா. "பிள்ளை வடிவா இருக்கிறாள்" எண்டா. பிறகு தம்பியிட்ட மெதுவாக் கேட்டா, "என்ர படம் தனிய இருக்குத்தானே?"

"கொம்பியூட்டரில பத்திரமா இருக்கு அக்கா. பயப்படாதீங்க."

பிறகென்ன, இவருக்கு அது ஒரு பேராப் போச்சு. "நிக்கலஸிட்ட பாலைவன அல்பம் அடிக்கலாம்." வெள்ளவத்தை, கிராண்ட்பாஸ் எண்டு எல்லா இடத்தில இருந்தும் வந்தினம். மணலில புறா பறந்தது. பட்டாம்பூச்சி பறந்தது. ஒரு தாய் கேட்டா எண்டு மலையில இருந்து நீர்வீழ்ச்சியும் விழுத்தினவர். ஓமான் பாலைவனத்தில நீர்வீழ்ச்சி! பாவாடையின்ர நிறத்துக்கு ஏத்த மாதிரி மணலை ரோஸாக்கினார், ஊதாவாக்கினார். ஆர் எடுத்த படம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. இவரும் சொல்லேல்ல. நானும் சொல்லேல்ல.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில மச்சாள் ஒரேயடியா வந்திட்டா. கமெரா அந்த வீட்டுச் சாமான், அதை அங்கயே வைச்சிட்டு வந்தவ. இங்க வந்து எங்களோட இருந்து சமைக்கிறா, தோய்க்கிறா. எனக்குக் கை உதவி எண்டு நான் சொல்லுறது. உண்மையில அரைவாசி வீட்டு வேலை அவதான்.

போன வருஷம் பெப்ரவரியில ஷிஹாரா எண்டு ஒரு பிள்ளை வந்தது. மாளிகாவத்தை முஸ்லிம் பிள்ளை, 'இருக்கு' எண்டதை 'ஈக்கு' எண்டுதான் சொல்லும். வெளிநாட்டில வீட்டு வேலை செய்துபோட்டு வந்த பொம்பிளையள் அங்க எடுத்த படங்களைச் சேத்து, வெள்ளவத்தையில ஒரு ஹோலில தொங்கவிடப் போகினமாம். மச்சாளிட்ட அப்பிடி ஏதும் இருக்கோ எண்டு கேக்க வந்தது. மச்சாள் குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டா. நான் பொழுதுபோக்குக்கு மகளின்ர அல்பத்தைக் குடுத்தன்.

"மாமி, இந்தப் பின்னால ஈக்கிற மணல் நெட்டுல எடுத்ததா?"

நான் வாய் திறக்க முதல் குசினியில இருந்து கத்தியோட வந்து நிண்டா மச்சாள். "நெற்றில இல்ல. நான் எடுத்தது."

"ஆன்ரி, மெய்யாவா? துபாய்லயா?"

"துபாய் இல்ல!"

அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அந்தப் பிள்ளை போகேல்ல. ஓகஸ்டில கண்காட்சி. ஒரு சுவர் முழுக்க ஆன்ரிக்கு எண்டுது. பதினொரு படமும் பெரிசா அடிச்சு, கீழ பேர் போட்டு. "ஒரிஜினல் ஈக்குத்தானே ஆன்ரி? ஆக்கள் இல்லாத படம்?" மச்சாள் எங்கட கலியாணத்தில கூட அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்ல. அடுத்த ஞாயிறு சிஸ்ரருக்கும் சொன்னவ, மீன்காரனுக்கும் சொன்னவ. மீன்காரன், "அப்ப துபாய் அக்கா பெரிய ஆள்" எண்டான்.

இவர் நாளைக்கு எடுத்துத் தாறன், நாளையிண்டைக்கு எடுத்துத் தாறன் எண்டு ரெண்டு கிழமை கடத்தினார்.  இவர் பிந்தினா அதுக்குள்ள ஒரு களவு இருக்கும். கடைசியா மச்சாளே ஸ்ரூடியோவுக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. நானும் போனன். இவர் கொம்பியூட்டரைப் போட்டார். "அக்கா மணல்" எண்டு ஒரு ஃபோல்டர். முதலாவது படத்தைத் திறந்தார். ரோஸ் தாவணியோட ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிண்டுது.

"இது அல்பத்துக்கு அடிச்சது. என்ரயைக் காட்டு தம்பி."

ரெண்டாவதைத் திறந்தார். ஒரு பிள்ளை தாமரைப் பூவுக்குள்ள இருந்துது. மூண்டாவதில புறா. நாலாவதில நீர்வீழ்ச்சி.

"நான் எடுத்ததைக் காட்டு எண்டு சொல்லுறன்."

"இதுதான் அக்கா."

"இது நான் எடுத்ததே? நான் ஆரின்ர பிள்ளையை எடுத்தனான்?"

 இவர் திரையைப் பாத்துக்கொண்டே வாய்க்குள்ள வாய்க்குள்ள சொன்னார். முந்தியெல்லாம் மணல் படத்தைத் திறந்து, பிள்ளையை ஒட்டி, அதை வேற பேரில வைச்சுப்போட்டு, மணலைத் தொடாமல் மூடுறவராம். பிறகு அந்தக் கரண்ட் இல்லாத வருஷம் வந்துதே, இரண்டாயிரத்து இருபத்திரண்டு. கொரோனாவுக்குப் பிந்தின சாமத்திய வீடு எல்லாம் ஒண்டா வந்து விழுந்த வருஷம். கரண்ட் எப்ப போகும் எண்டு தெரியாது. ரெண்டு தரம் முழு அல்பமும் கண்ணுக்கு முன்னால போயிட்டுதாம். அந்தப் பயத்தில நிமிஷத்துக்கு ஒருக்காச் சேவ் அடிச்சு அடிச்சுக் கை பழகிப் போச்சு. வேற பேர் குடுக்க மறந்துபோய், மணலுக்கு மேலேயே அடிச்சிட்டார். ஒண்டு இல்ல, பதினொண்டும். பிள்ளையும் மணலும் ஒரே படமா ஒட்டிப் போச்சு. இனிப் பிரிக்க ஏலாது.

"மெமரி காட்?" எண்டு கேட்டன் நான்.

அதுகளை அழிச்சுப்போட்டுக் கலியாணங்களுக்குப் பாவிச்சிட்டாராம். வேற பேரில வைச்ச பழைய அல்பப் படங்களையும், அடிச்சுக் குடுத்தாப் பிறகு இடம் காணாது எண்டு அழிச்சிட்டாராம்.

மூண்டு வருஷமா இவருக்கு இது தெரியும். பத்திரமா இருக்கு அக்கா, பத்திரமா இருக்கு அக்கா எண்டு ஒரே வீட்டில இருந்து அவ சமைச்சதைத் திண்டவர். நான் பேசத் துவங்கினன். இவர் எனக்கு நியாயம் சொல்லுறார். "பின்னுக்கு இருந்ததுதானே போனது? பிள்ளையின்ர முகமே அழிஞ்சது? முகம் அழிஞ்சிருந்தாத் தாய் தகப்பன் வந்து என்னை வெட்டியிருப்பினம்."

"இதுக்கு உங்களை வெட்ட ஆள் இல்ல எண்ட துணிவுதானே" எண்டன்.

மச்சாள் எழும்பினா. கதிரையைப் பழைய இடத்தில கொண்டுபோய் வைச்சா. வீட்டுக்கு வந்து சட்டி தேய்ச்சா. தேய்ச்சு முடிச்ச சட்டியைத் திரும்பத் தேய்ச்சா.

ஷிஹாராவுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னன். அந்தப் பிள்ளை ஓடி வந்துது. "ஆன்ரி, பிள்ளைகளோட ஈக்கிறதையே தொங்க விடுவமா? அதுலயும் ஒரு கதை ஈக்குத்தானே."

"கதை உனக்கு மகள். எனக்குப் படம்தான் வேணும்" எண்டா மச்சாள். "என்ர பேரைப் போட்டு ஊரான் பிள்ளையின்ர சாமத்தியத்தைத் தொங்கவிடாத."

ஒரு கிழமை கழிச்சு நான் கட்டில் விரிப்பு வெட்டிக்கொண்டிருந்தன். ரெண்டு விரிப்பும் நடுவில கிழிஞ்சது, ஓரம் நல்லம். கிழிஞ்சதை எறிஞ்சு, நல்ல பக்கத்தை வெட்டி ஒண்டாத் தைக்கிறது எங்களுக்கு என்ன புதுசோ? அப்பதான் மண்டையில விழுந்துது. இவர் ஒரே மணலில எத்தினை பிள்ளையளை ஒட்டினவர்! ஒருத்தி இடப்பக்கம் நிண்டிருப்பாள், ஒருத்தி வலப்பக்கம் இருந்திருப்பாள். ஒரு அல்பத்தில மறைஞ்ச மணல் இன்னொரு அல்பத்தில வெளிய தெரியும். அல்பங்களைத் தேடிப் பிடிச்சா வெட்டித் தைக்கலாம்.

இவரைக் கேட்டன். "ஏலும். ஆனா ஒட்டுத் தெரியும்" எண்டார்.

"ஒட்டுறதுதானே உங்கட தொழில். ஒட்டுங்கோ."

அண்டையில இருந்து நானும் மச்சாளும் வீடு வீடா ஏறி இறங்கினம். இவர் பில் புத்தகத்தைப் பாத்து விலாசம் எழுதித் தந்தார். தானும் வாறன் எண்டு சொல்லேல்ல. முக்கால்வாசி விலாசத்தில ஆள் இல்ல. கனடா, லண்டன், பிரான்ஸ். அல்பமும் பெட்டியோட போயிட்டுது. கிராண்ட்பாஸில ஒரு வீட்டில அல்பம் இருந்துது, கறையான் தாராளமாத் திண்டு, பிள்ளையின்ர முகத்தை மட்டும் விட்டு வைச்சிருந்துது. ஜிந்துப்பிட்டியில ஒரு தாய், மகள் ஆரோடயோ ஓடிப்போனாள் எண்டு அல்பத்தைக் கொளுத்திட்டாவாம்.

"அவளின்ர மூஞ்சியே வேணாம் எண்டு எரிச்சனான்."

"பின்னுக்கு நிண்ட மலை உங்களுக்கு என்ன செய்தது?" எண்டு கேட்டன் நான். மச்சாள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டா.

வெள்ளவத்தையில ஒரு வீடு. கடல் பக்கத்து ஒழுங்கை, நாலாம் மாடி, லிப்ட் வேலை செய்யேல்ல. மச்சாளுக்கு முழங்கால் நோ. படியில ரெண்டு தரம் இருந்து இருந்து ஏறினவ. வீட்டுக்காரி கதவுச் சங்கிலியைக் கழட்டாமலே கதைச்சா.

"எங்கட பிள்ளையின்ர படம் உங்களுக்கு என்னத்துக்கு? இந்தக் காலத்தில படத்தை வைச்சு என்னென்னவோ செய்யுறாங்கள்."

"பிள்ளை வேணாம் தங்கச்சி. பின்னுக்கு இருக்கிறதுதான் வேணும்" எண்டா மச்சாள்.

"பின்னுக்கு என்ன இருக்கு? அந்தத் துபாய் மண்தானே?"

நான் மச்சாளின்ர முகத்தைப் பாத்தன். இப்ப துவங்கப் போறா எண்டு நினைச்சன்.

"ஓம் தங்கச்சி, துபாய்தான். ஒருக்காப் பாக்கலாமோ?"

எனக்கு அந்தப் படியில இருந்து குதிக்கலாம் போல இருந்துது. அவ அப்பிடிச் சொன்னதை அதுக்கு முன்னமும் நான் கேட்டதில்ல, பிறகும் கேட்டதில்ல. வீட்டுக்காரி சங்கிலியைக் கழட்டினா. அல்பத்தைத் தந்தா. தேத்தண்ணி தரேல்ல.

ஜூலை முடிய எங்கட மகளின்ரயோட சேத்து அஞ்சு அல்பம் சேந்துது. இவர் ஸ்ரூடியோவில வேலை இல்லாத நேரம் எல்லாம் இருந்து ஒட்டினார். நான் நிண்டு பாத்தனான், அதால சொல்லுறன், பாடுபட்டுத்தான் செய்தார். ஒரு துண்டு செம்மஞ்சள், ஒரு துண்டு ரோஸ், ஒரு துண்டில புறாவின்ர செட்டை. அந்த நிறமெல்லாம் தானே பூசினது. தான் பூசினதைத் தானே கழுவினார். ரெண்டு படம் முழுசா வந்துது. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவ கிட்டப் போய்ப் பாத்தா. "இந்த முதுகு இப்பிடி வளையாது. இங்க நீயாக் கொஞ்சம் வரைஞ்சிருக்கிறாய்."

"கொஞ்சம்தான் அக்கா. துண்டு காணேல்ல."

"அப்ப இது உன்ர மணல். அந்த இடத்தைச் சும்மா வெள்ளையா விடு."

விட்டார். ஒரு படத்தில பெருவிரல் அளவு வெள்ளை. மற்றதில இல்ல. அந்த ரெண்டையும் பெரிசா அடிக்கக் கடைக்குக் கொண்டுபோனம். அங்க நிண்ட சிங்களப் பெடியன் திரையைப் பாத்துப்போட்டு, "மே மொனவத அக்கே? வெலி விதராய் நே" எண்டான். என்ன இது, வெறும் மணல்தானே எண்டு. மச்சாள், "ஒவ் மல்லி, வெலி தமாய்" எண்டா. ஓம் தம்பி, மணல்தான். அவனோட கோவிக்கேல்ல. அவனாவது மணல் எண்டு சொன்னானே.

ஓகஸ்டில கண்காட்சி நடந்துது. மச்சாளுக்கு எண்டு விட்ட சுவரில ரெண்டே ரெண்டு படம். மிச்ச இடத்துக்கு வேற பொம்பிளையளின்ர படங்களைப் போட்டினம். நல்ல படங்கள்தான், குறை சொல்ல ஏலாது. ஒருத்தி தான் படுத்த ஸ்ரோர் றூமை எடுத்திருந்தாள். சனம் அதுக்கு முன்னால நிண்டு அழுதுது. மச்சாளின்ரயைப் பாத்து ஒருத்தர், "ஏன் இதில இந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கு?" எண்டு கேட்டார். இவர் பக்கத்திலதான் நிண்டார். வாசலுக்குப் போய் வெளியில நிண்டிட்டார். மச்சாள்தான் பதில் சொன்னவ. "அது தொலைஞ்ச இடம் ஐயா." தம்பியை ஒருத்தருக்கும் காட்டிக் குடுக்கேல்ல. அதால நான் இங்க காட்டிக் குடுக்கிறன்.

அந்த மற்றப் படம், "தொடுற இடம்", அது வரவே இல்ல. மூண்டு அல்பத்தில அந்தப் படம் இருக்கு. மூண்டிலயும் பிள்ளை நடுவில. மணல் போய் மலையில முட்டுற இடத்தில சரியாப் பிள்ளையின்ர தலை. இவர் நடுவில வைக்கிற ஆள்தானே. மலையின்ர காலடியும் அந்த வெள்ளை ஆறும் மூண்டு தலைக்குப் பின்னால கிடக்குது. ஷிஹாரா வாற வருஷமும் செய்யுறம் ஆன்ரி, இடம் வைச்சிருப்பன் எண்டுது. மச்சாள், "நான் இன்னும் ஒரு குளிர் காலம் போய் வரட்டோ?" எண்டு கேட்டுச் சிரிச்சா. அம்பத்தஞ்சு வயசில, இந்த முழங்காலோட, ஆர் கூப்பிடப் போறான்?

இவருக்கு ஒரு ஞாபகம் இருக்கு. பொய் சொல்லேல்ல எண்டு நினைக்கிறன். இரண்டாயிரத்துப் பதினாறிலயோ பதினேழிலயோ, வெள்ளவத்தையில அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒண்டாச் செய்த ஒரு சாமத்திய வீடு. ஒருத்தி பச்சை, ஒருத்தி மயில் நீலம். ரெண்டு பிள்ளையளையும் அந்தப் படத்தில ரெண்டு கரையிலயும் நிப்பாட்டினவராம். நடுவில ஒருத்தரும் இல்ல. அந்த வருஷத்து பில் புத்தகம் வெள்ளத்தில நனைஞ்சு போச்சு. பேர் தெரியாது. தகப்பன் காலை இழுத்து நடக்கிறவர், அவ்வளவுதான் ஞாபகம்.

அந்தப் பிள்ளையள் இப்ப இருபது தாண்டின குமர்ப்பிள்ளையள். கொழும்பிலயோ, ரொறொன்ரோவிலயோ, எங்க இருந்தாலும் சரி. அது உங்கட வீடெண்டா, அல்லது உங்கட சொந்தக்காரர் எண்டா, அலுமாரிக்கு மேல ஒருக்காத் தேடிப் பாருங்கோ. போனில படம் எடுத்து அனுப்பினாச் சரிவராது, அல்பம்தான் வேணும். ஒரு நாள் இரவல் தந்தாக் காணும். வெளிநாட்டில இருக்கிறவை ஆரும் லீவில வரேக்க கொண்டு வாங்கோ.

அல்பம் இல்லாதவையும் வாங்கோ. ஜம்பட்டா வீதியால வந்து, பேக்கரிக்கு அடுத்த ஒழுங்கை, பச்சைக் கேற். பிறிஜெற் எண்டு கேட்டா ஆருக்கும் விளங்காது, துபாய் அக்கா எண்டு கேளுங்கோ, காட்டுவினம். ஞாயிறு பூசை முடிஞ்சா அவ வீட்டிலதான். மற்ற நாளில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. அந்த ரெண்டு படமும் மேல் மாடியில இருக்கு. போய் அவவைப் பாருங்கோ. படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டு பாருங்கோ. தேத்தண்ணி நான் தருவன்.